மகள் ஸ்டோயிக் தத்துவம் படிக்கப் போகிறேன் என்றால்

லண்டன் ஹரோவில் இருக்கும் ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மூத்த மகள் ஏ லெவல் முதலாம் ஆண்டு; உயிரியல், இரசாயனம், வரலாறு எடுத்திருக்கிறாள். ஜிசிஎஸ்ஈயில் எல்லாமே எட்டும் ஒன்பதும், அதாவது ஆக உயர்ந்த தரங்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் 'டொக்டரம்மா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். போன மாதம் இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளை வாய் திறந்து, தனக்கு மருத்துவம் வேண்டாம், கலங்காத மனதோடு அறிவின் வழி வாழச் சொல்கிற பழைய கிரேக்கத்து ஸ்டோயிக் தத்துவத்தைப் படித்து அதிலேயே ஆய்வு செய்து பேராசிரியராக வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தகப்பன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரொறொன்ரோவில் இருக்கிற பெரியம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் அழைத்து அழுகிறார். மாமா ஒரு வழி சொல்லியிருக்கிறார்: இங்கே மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் பல்கேரியாவுக்கு அனுப்புவது, செலவுக்கு வீட்டின் மேல் இன்னும் கொஞ்சம் கடன் எடுப்பது. "இவளுக்கு நல்லபடியாகப் புத்தி சொல்லி ஒரு பதில் எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறார் அம்மா.

அக்கா, உங்கள் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. 1970களில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, நல்ல புள்ளி எடுத்தும் மருத்துவபீடத்துக்குப் போக முடியாமல் நின்றவர்கள் எத்தனையோ யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்தக் காயம் எங்கள் ஆக்களின் மனதில் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த இழப்பை ஈடுகட்டும் பொறுப்பை ஹரோவில் பிறந்து வளர்ந்த பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க எவருக்கும் உரிமை இல்லை. புத்தி சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான்.

முதலில் மருத்துவத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். மருத்துவபீட நேர்முகத்தில் தவறாமல் வருகிற கேள்வி, 'ஏன் மருத்துவம்?' என்பது. அதற்கு 'என் பெற்றோரின் ஆசை' என்று ஒரு பிள்ளை பதில் சொல்ல முடியாது. அப்படியென்றால் வேறொரு பதிலைப் பாடமாக்கிக் கொடுத்து, அதை உண்மை போலச் சொல்லப் பழக்கி அனுப்ப வேண்டும். இடம் கிடைத்தாலும் ஐந்து ஆறு வருடப் படிப்பு, அதன்பின் இரண்டு வருட ஆரம்பப் பயிற்சி, அதன்பின் சிறப்புப் பயிற்சி இடத்துக்கான போட்டி. விரும்பிப் போன பிள்ளைகளையே களைக்க வைக்கிற பாதை அது. விருப்பமில்லாமல் போகிற பிள்ளை இரவுப் பணியில் நோயாளியின் கட்டிலருகே நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நோயாளிக்கும் அது நியாயம் இல்லை.

பல்கேரியா விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாகப் பேசுவேன். பிள்ளை கேட்காத படிப்புக்காகக் குடியிருக்கும் வீட்டின் மேல் கடன் எடுக்காதீர்கள். அங்கே படிக்க இங்கத்தைய மாணவர் கடன் கிடைக்காது. முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் போகும். உங்களுக்கு இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாமா சொன்ன வழியில் ஆபத்தெல்லாம் உங்கள் வீட்டுக்கு, பெருமை மட்டும் சொந்தக்காரருக்கு.

இனிப் பிள்ளையின் பக்கம். உங்கள் அனுமதியோடு அவளோடு பேசினேன். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஸ்டோயிக் என்ற பெயரில் இன்று கைப்பேசியில் வருகிற காணொளிகளுக்கு அளவில்லை. மனதை இரும்பாக்குவது எப்படி, காலை ஐந்து மணிக்கு எழும்புவது எப்படி என்று ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸின் படத்தைப் போட்டுச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து வந்த மயக்கமாக இருந்தால் ஆறு மாதத்தில் போய்விடும். அவள் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினாள். ரோமர் காலத்து ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டீட்டஸின் கைந்நூலில் முதல் வரி: உள்ளவற்றுள் சில எங்கள் வசம், சில எங்கள் வசம் இல்லை. அதைக் கிரேக்க எழுத்தில், உயிரெழுத்துகளின் மேல் வருகிற அழுத்தக் குறிகளோடு, கையால் எழுதியிருந்தாள். ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலில் அதன் இலக்கண வகை. பிழையாக எழுதி அழித்துத் திருத்திய தடங்கள். பிறகு என்னிடம் கேட்டாள்: எபிக்டீட்டஸ் தானாக ஒன்றுமே எழுதவில்லை, மாணவன் அரியன்தான் எழுதிவைத்தான் என்றால், இதில் எவ்வளவு குருவினுடையது, எவ்வளவு மாணவனுடையது?

அக்கா, இந்தத் துறையில் ஆய்வு செய்கிறவர்களும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இது காணொளி பார்த்து வருகிற கேள்வி இல்லை. இந்தப் பிள்ளைக்கு இருப்பது விளையாட்டு ஆசை இல்லை என்று நான் பொறுப்போடு சொல்வேன்.

"அப்படிப் படித்து என்ன வேலை செய்வாள்?" என்று தகப்பன் கேட்கிறாராம். நியாயமான கேள்வி. ஆகவே ஒரு ஸ்டோயிக் ஆய்வாளர் தன் மேசையில் இருந்து உண்மையில் என்ன செய்கிறார் என்பதைச் சொல்கிறேன்.

இந்தத் தத்துவத்தைத் தொடங்கியவர் சைப்பிரஸ் தீவின் கிட்டியோனைச் சேர்ந்த ஜீனோ. கிமு 300 அளவில் ஏதென்ஸில், ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் படிப்பித்தார். அவருக்குப் பின் கிளியந்தஸ், அவருக்குப் பின் கிறிசிப்பஸ். கிறிசிப்பஸ் மட்டும் 700-க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார் என்று பழைய தத்துவவாதிகளின் வரலாற்றை எழுதிய டயோஜனிஸ் லேர்ட்டியஸ் குறித்திருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட இன்று முழுமையாக இல்லை. எஞ்சியிருப்பவை பிறர் எடுத்துக் காட்டிய துண்டுகள். எடுத்துக் காட்டியவர்களில் பலர் ஸ்டோயிக்குகளின் எதிராளிகள்: புளுட்டார்க், கேலன், செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ்.

கேலன் ஒரு டொக்டர் என்பதைத் தகப்பனிடம் சொல்லுங்கள். கிபி இரண்டாம் நூற்றாண்டின் பெரிய மருத்துவர். கோபமும் துக்கமும் எங்கிருந்து வருகின்றன என்பதில் அவருக்கும் கிறிசிப்பஸுக்கும் பெரிய பிணக்கு. கிறிசிப்பஸின் கட்சி, கோபம் என்பது அறிவு செய்கிற ஒரு பிழையான தீர்ப்பு என்பது. கேலனின் கட்சி, பிளேட்டோ சொன்னபடி ஆன்மாவில் அறிவுக்கு வெளியே வேறொரு பகுதி இருக்கிறது, கோபம் அங்கிருந்து வருகிறது என்பது. அதை நிறுவ, ஹிப்போகிராட்டஸ், பிளேட்டோ இருவரின் கொள்கைகளைப் பற்றிய தன் நூலின் நான்காம் ஐந்தாம் பகுதிகளில் கிறிசிப்பஸை வரிவரியாக எடுத்துப் போட்டுத் தாக்குகிறார். அந்தத் தாக்குதலால்தான் கிறிசிப்பஸின் சொற்கள் எங்களுக்குக் கிடைத்தன. இப்போது ஆய்வாளரின் வேலையைப் பாருங்கள். பழைய கையெழுத்துப் படிகளில் மேற்கோள் குறி கிடையாது. கிறிசிப்பஸ் எந்தச் சொல்லில் முடிகிறார், கேலன் எந்தச் சொல்லில் தொடங்குகிறார்? கேலன் நடுவில் எதையாவது விட்டுவிட்டாரா? வேறோர் இடத்தில் ரோம ஸ்டோயிக்கான செனெக்கா இலத்தீனில் கோபத்தைப் பற்றி எழுதியது இதனோடு ஒத்துப்போகிறதா? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலின் வேலை இது.

அப்படித் துண்டு துண்டாகக் கிடந்தவற்றை ஹான்ஸ் ஃபொன் ஆர்னிம் என்ற அறிஞர் 1903க்கும் 1905க்கும் இடையில் மூன்று தொகுதிகளாகத் திரட்டி வெளியிட்டார். 1987இல் லோங், செட்லி என்ற இருவர் எபிக்கூரியர், ஐயவாதிகள் என்ற மற்றத் தத்துவக் கூட்டத்தாரோடு ஸ்டோயிக்குகளின் முக்கிய பகுதிகளையும் தேர்ந்து, ஒரு தொகுதியில் ஆங்கிலமும் மற்றதில் மூலமுமாகக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் மாணவர் கையில் முதலில் வருவது அதுதான். வேலை முடிந்துபோன துறை என்றும் எண்ண வேண்டாம். 79ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகையின் நூலகமே கரியாகிப் புதைந்தது. 1750களில் தோண்டி எடுத்தார்கள். கிறிசிப்பஸின் தர்க்க நூல் ஒன்றின் சிதைந்த பகுதிகளும் அங்கேதான் கிடைத்தன. விரிக்க முடியாத சுருள்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைத் தொடாமலே கதிர்ப்படம் எடுத்து, கணினியால் எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 2024 பெப்ரவரியில் அப்படி ஒரு சுருளின் பகுதிகளை வாசித்ததற்காக மூன்று இளைஞர்களுக்கு 7,00,000 டொலர் பரிசு கிடைத்தது. கணினி எழுத்தைக் காட்டும். அது என்ன சொல்கிறது என்று சொல்லக் கிரேக்கம் தெரிந்த ஆள் வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் மகள் பல்கலைக்கழக விண்ணப்பமான யூகாஸ் படிவத்தில் 'தத்துவம்' என்று போட நினைத்திருக்கிறாள். போட வேண்டாம். தத்துவப் பட்டப்படிப்பில் ஸ்டோயிக்குகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் சில வாரம் படிப்பாள். மூன்று வருடம் முடிந்தும் கிரேக்கத்தில் ஒரு பக்கம் வாசிக்கத் தெரியாது. இந்தத் துறையின் கதவு கிரேக்கமும் இலத்தீனும்தான். அவள் எடுக்க வேண்டியது கிளாசிக்ஸ், அதாவது கிரேக்க, ரோமச் செவ்வியல் படிப்பு. அதோடு கிடைக்கிற தத்துவ வகுப்புகளையெல்லாம் சேர்த்துக்கொள்ளட்டும்.

"அதெல்லாம் காசு கட்டிப் படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு" என்று மாமா சொன்னாராம். அரச பள்ளிகளில் கிரேக்கம் அரிது என்பது உண்மை. ஆனால் அது பல்கலைக்கழகங்களுக்கும் தெரியும். ஒக்ஸ்போர்டில் முன்பு இந்த மொழிகளைப் படிக்காதவர்களும் சேர வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜில் அப்படிப்பட்டவர்களுக்கு நான்கு வருடப் படிப்பு. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிகளான கிங்ஸ், யூசிஎல், ரோயல் ஹொலவே மூன்றிலும் இரண்டு மொழிகளையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் வகுப்புகள் உண்டு. பட்டப்படிப்பின் பெயர் இடத்துக்கிடம் மாறும். ஒன்றை மட்டும் எழுதிக் கேளுங்கள்: முதல் வருடத்தில் கிரேக்கம் தொடங்கினால் மூன்றாம் வருடத்தில் மூல நூலை வாசிக்கிற வகுப்பு வரை போக முடியுமா? முடியும் என்று தெளிவாகச் சொல்கிற இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பெயர் பெரிய இடமாக இருந்தும் இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். பின்னாளில் ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கிற அளவுக்குத் தேவைப்படும். அதற்கு அவசரம் இல்லை.

'எங்கள் ஆக்களுக்கு இது சரிவராது' என்ற பேச்சுக்கு இன்னொரு பதிலும் உண்டு. ஜீனோ, கிளியந்தஸ், கிறிசிப்பஸ் மூவரும் ஏதென்ஸுக்கு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். கையில் காசில்லாத கிளியந்தஸ் இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி வாங்கி, பகலில் பாடம் கேட்டவர் என்று சொல்லப்படுகிறது. உங்கள் கணவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இரவில் பெற்றோல் ஸ்டேசனில் நின்று, பகலில் கணக்கியல் வகுப்புக்குப் போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் படிக்க விரும்புகிற மனிதர்களை அவர் தூரத்து ஆட்களாக நினைக்கத் தேவையில்லை. எபிக்டீட்டஸின் நூல்களை 1758இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் கென்ட் கரையோரத்து டீல் ஊரைச் சேர்ந்த எலிசபெத் கார்ட்டர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவே திறக்காத காலம். மதகுருவான தகப்பனிடம் வீட்டிலிருந்து கிரேக்கம் படித்தவர். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் மேல்நாட்டுச் செவ்வியல் படிப்பு உண்டு. ரிச்சர்ட் சொராப்ஜியைப் பாருங்கள். இந்தியப் பார்சி வழிவந்த தகப்பனுக்கு 1934இல் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்த முதல் பெண்ணான கோர்னீலியா சொராப்ஜி இவருடைய அத்தை. லண்டன் கிங்ஸில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். ஸ்டோயிக்குகள் உணர்ச்சிகளைப் பற்றிச் சொன்னதை வைத்து 2000இல் அவர் வெளியிட்ட நூல் இந்தத் துறையில் எல்லாரும் எடுத்து வாசிப்பது. காந்தியையும் ஸ்டோயிக்குகளையும் ஒப்பிட்டும் ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

இவ்வளவும் சொன்னதால் இது பஞ்சு மெத்தை என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளைக்கும் இதை நேரே சொன்னேன். மேலே சொன்ன லோங் 1960களில் நியூசிலாந்தின் ஒடாகோவில் விரிவுரையாளராகத் தொடங்கி, நொட்டிங்ஹாம், லண்டன், லிவர்பூல் என்று மாறி, 1980களில் கலிபோர்னியாவின் பேர்க்லிக்குப் போனார். பல்கலைக்கழகங்கள் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அவ்வளவு அலைச்சல். இன்று துறைகள் சுருங்குகின்றன. 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் பண்டைய வரலாறு உட்படப் பல படிப்புகளை மூடும் திட்டத்தை அறிவித்தது. (அதே பட்டியலில் தாதியியலும் இருந்தது என்பதை, 'பாதுகாப்பான படிப்பு' பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.) கலாநிதிப் பட்டம் முடித்தபின் மூன்று வருடம், ஒரு வருடம் என்று தவணை வேலைகள், நிரந்தர விரிவுரையாளர் இடம் வர முப்பது வயது தாண்டலாம், வராமலும் போகலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் அவள் போக வேண்டும். தெரிந்தும் போகிறேன் என்றுதான் சொன்னாள்.

ஆகவே காசு விஷயத்தில் நான் போடுகிற கோடுகளை மீற வேண்டாம். பட்டப்படிப்புக்கு இங்கிலாந்தில் 2025–26இல் வருடக் கட்டணம் 9,535 பவுண். கிளாசிக்ஸ் என்றாலும் மருத்துவம் என்றாலும் இதே கட்டணம்தான். அதற்கு அரச மாணவர் கடன் உண்டு. 2023 ஓகஸ்டிலிருந்து படிப்பைத் தொடங்கியவர்கள், சம்பளம் வருடம் 25,000 பவுணைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் 9 வீதம் கட்ட வேண்டும். 30,000 சம்பளம் என்றால் வருடம் 450 பவுண். நாற்பது வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. சின்னக் கடன் என்று நான் சொல்லவில்லை; ஆனால் வேலை போனால் வீட்டு வாசலில் வந்து நிற்கிற கடன் இல்லை இது. லண்டனில் படித்தால் ஹரோவிலிருந்தே போய்வரட்டும். அறை வாடகை மிச்சம்.

முதுமாணிக்கு 2025–26இல் அரசு தந்த கடன் 13,000 பவுணுக்கும் குறைவு. பல இடங்களில் கட்டணமும் சாப்பாடும் அதற்குள் அடங்காது. புலமைப்பரிசில் கிடைத்தால் போகட்டும், இல்லையென்றால் ஒரு வருடம் வேலை செய்து சேர்த்துக்கொண்டு போகட்டும். கலாநிதிப் படிப்புக்கு என் விதி ஒன்றே ஒன்று: கட்டணமும் உதவித்தொகையும் முழுமையாகக் கிடைக்காத இடத்தை ஏற்கக் கூடாது. அரச ஆய்வு நிதியின் கீழ் 2025–26இல் குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண், வரி இல்லை, கட்டணத்தையும் அவர்களே கட்டுவார்கள். அந்த இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன, போட்டி கடுமை. அமெரிக்காவில் நல்ல துறைகள் ஐந்து வருடத்துக்குச் சம்பளம் தந்து படிப்பிக்கின்றன, அங்கேயும் விண்ணப்பிக்கட்டும். இரண்டு வருடம் முயன்றும் நிதி கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாதை அங்கே நிற்க வேண்டும். தகப்பன் மனமிரங்கிக் காசு கட்டி அனுப்பக் கூடாது. கடனில் எடுத்த கலாநிதிப் பட்டத்துக்கு வேலைச் சந்தையில் தனி மதிப்பு ஒன்றும் இல்லை.

அப்படி நின்றால் பிள்ளை தெருவில் நிற்கமாட்டாள். கிரேக்கமும் இலத்தீனும் தெரிந்த பட்டதாரிக்குச் சட்டம், அரச சேவை, பள்ளிக்கூடம் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த பாதைகள் என்பதால் விரித்து எழுதவில்லை. ஒருவேளை அவளே மனம் மாறி மருத்துவம் கேட்டாலும், எந்தத் துறைப் பட்டதாரியையும் எடுக்கிற நான்கு வருட மருத்துவப் படிப்பு வோரிக் போன்ற இடங்களில் உண்டு. கேட்பது அவளாக இருக்க வேண்டும்.

இந்தக் கோடை விடுமுறையில் அவளை மருத்துவபீட அனுமதிக்கான யூகேட் தேர்வின் பயிற்சி வகுப்பில் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசை ஒரு கிரேக்கக் கோடைப் பள்ளிக்குக் கட்டுங்கள். பலவற்றில் கட்டணச் சலுகையும் உண்டு, கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். ரசல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் செனட் ஹவுஸில் செவ்வியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே பண்டைய தத்துவக் கருத்தரங்குகள் நடக்கும், வெளியாட்களும் போய் இருக்கலாம். தகப்பனும் மகளும் ஒரு மாலை சேர்ந்து போய் வரட்டும். பாதி விளங்காது. பரவாயில்லை, அந்த அறையில் இருக்கிறவர்களைத் தகப்பன் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒக்ஸ்போர்ட் அல்லது கேம்பிரிட்ஜ் போடுவதென்றால் மருத்துவத்துக்குப் போலவே ஒக்டோபர் 15தான் கடைசித் திகதி; மற்ற இடங்களுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. யூகாஸ் படிவத்தில் இப்போது நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள். முதலாவது, ஏன் இந்தப் படிப்பு என்பது. அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பதில்களையும் அவளே எழுதட்டும். மாமாவிடம் கொடுத்துத் திருத்த வேண்டாம்.